லீனியர் அல்ஜீப்ரா: அணி கணக்கு வருது, ப்ரூஃப் எழுத வரமாட்டேங்குது, எங்க ஆரம்பிக்கிறது?

நெல்லைப்பையன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் பிஎஸ்சி மேத்ஸ் மூணாவது வருஷம், திருநெல்வேலி பக்கம் ஒரு அரசு கலைக் கல்லூரி. பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். இந்த செமஸ்டர்லதான் லீனியர் அல்ஜீப்ரா பேப்பர் வந்திருக்கு. பன்னெண்டாவதுல முதல் பாடமே அணிகளும் அணிக்கோவைகளும்தான, நேர்மாறு அணி, ஏறுபடி வடிவம், அணியோட தரம், கிராமர் விதி எல்லாம் நிறைய போட்டு பழகியிருக்கேன், ஆனா இங்க முதல் ரெண்டு யூனிட்ல அணியே கண்ணுல படல, வெக்டர் ஸ்பேஸ், சப்ஸ்பேஸ், ஸ்பான், லீனியர் இன்டிபென்டன்ஸ், பேசிஸ், டைமென்ஷன்னு ஒரே தியரமா போகுது.

க்ளாஸ்ல சார் போர்டுல எழுதும்போது ஒவ்வொரு வரியும் புரியுது. வீட்டுக்கு வந்து அதையே நானா எழுதணும்னு உக்காந்தா முதல் வரி என்னன்னு தெரியல. கூட படிக்கிறவங்க தியரத்த அப்படியே மனப்பாடம் பண்றாங்க, யுனிவர்சிட்டி பரீட்சைக்கு அது போதும்ங்கிறாங்க. எனக்கு ஐஐடி ஜாம் (எம்எஸ்சி சேர எழுதுற நுழைவுத் தேர்வு) எழுதி எம்எஸ்சி போகணும்னு ரொம்ப ஆசை, அங்க மனப்பாடம் நிக்காதுல்ல. தெரிஞ்ச அண்ணன் அக்கா யாராச்சும் சொல்லுங்க.

கரும்பலகை:
தம்பி, நான் ஒரு காலேஜ்ல இந்த பேப்பர் எடுக்கிறேன். முதல் வரி தெரியலன்னு சொல்றீங்கல்ல, அந்த முதல் வரி கிட்டத்தட்ட எப்பவுமே டெஃபனிஷன்தான். ஒரு சின்ன ப்ரூஃப் சேர்ந்து எழுதிப் பாப்போம்.

டி-ங்கிறது ஒரு லீனியர் மேப் (கூட்டலையும் எண்ணால பெருக்குறதையும் அப்படியே காப்பாத்துற சார்பு), ஒன்-ஒன் (வேற வேற வெக்டர் வேற வேற இடத்துக்குப் போகும்). வி1, வி2, வி3-ங்கிற வெக்டர்கள் இன்டிபென்டன்ட். டி(வி1), டி(வி2), டி(வி3)-யும் இன்டிபென்டன்ட்னு காட்டணும். இன்டிபென்டன்ட்னா என்ன? லீனியர் காம்பினேஷன் 0 ஆனா கெழு எல்லாம் 0 ஆகணும். அப்ப முதல் வரி தானா வந்துடுச்சு: ஏ டி(வி1) + பி டி(வி2) + சி டி(வி3) = 0 ன்னு வச்சுக்குவோம். டி லீனியர், அதனால டி(ஏ வி1 + பி வி2 + சி வி3) = 0. டி ஒன்-ஒன், அதனால உள்ள இருக்கிறதே 0. வி1, வி2, வி3 இன்டிபென்டன்ட், அதனால ஏ, பி, சி மூணும் 0. அவ்வளவுதான். குடுத்த மூணு தகவலும் ஒவ்வொரு தடவ வந்துருக்கு கவனிங்க. குடுத்ததுல ஒண்ணு யூஸ் ஆகாமலே ப்ரூஃப் முடிஞ்சுதுன்னா ஒரு தடவ திரும்பிப் போய் பாக்கணும்.

ரெண்டாவது, இதத்தான் நான் ரொம்ப முக்கியமா சொல்வேன், எந்த தியரம் வந்தாலும் ஓட்டிப் பாக்க ரெண்டு மூணு உதாரணம் கையிலயே வச்சுக்கோங்க. ஆர்3-ல (நம்ம முப்பரிமாண வெளி) எக்ஸ் + ஒய் + இசட் = 0 ங்கிற தளம் சப்ஸ்பேஸ், அதாவது உள்ளுக்குள்ளயே ஒரு வெக்டர் ஸ்பேஸ். டைமென்ஷன் 2, ரெண்டு இன்டிபென்டன்ட் வெக்டர வச்சே அதுல எல்லாத்தையும் உண்டாக்கலாம், அந்த தொகுப்புக்குத்தான் பேசிஸ்னு பேர். அதையே = 1 ன்னு மாத்துங்க, 0 வெக்டர் அதுக்குள்ள இல்ல, சப்ஸ்பேஸ் இல்லாம போயிடுச்சு. டிகிரி 2 வரைக்கும் இருக்கிற பாலினாமியல் எல்லாம் சேர்ந்து வெக்டர் ஸ்பேஸ், பி2-ம்பாங்க, பேசிஸ் 1, எக்ஸ், எக்ஸ் ஸ்கொயர், டைமென்ஷன் 3. ஆனா டிகிரி சரியா 2 இருக்கிறத மட்டும் எடுத்தா ஆகாது, எக்ஸ் ஸ்கொயரையும் எக்ஸ் மைனஸ் எக்ஸ் ஸ்கொயரையும் கூட்டுங்க, வெறும் எக்ஸ்தான் மிஞ்சும், வெளிய வந்தாச்சு.

இப்ப அந்த பி2-ல டிஃபரன்ஷியேஷன ஒரு மேப்பா பாருங்க. 1 போய் 0 ஆகுது, எக்ஸ் போய் 1 ஆகுது, எக்ஸ் ஸ்கொயர் போய் 2எக்ஸ் ஆகுது. அணியா எழுதுனா நெடுவரிசைகள் (0,0,0), (1,0,0), (0,2,0). கெர்னல்னா 0 ஆகுறது எல்லாம், அதாவது மாறிலிகள், டைமென்ஷன் 1. இமேஜ்னா மேப் பண்ணி வெளிய வர்றது எல்லாம், அதுல 1-உம் எக்ஸும் வருது, டைமென்ஷன் 2. 1 + 2 = 3. இமேஜோட டைமென்ஷன் ரேங்க், கெர்னலோடது நல்லிட்டி, ரெண்டையும் கூட்டுனா மொத்த டைமென்ஷன், ரேங்க்-நல்லிட்டி தியரம் இதான். பன்னெண்டாவதுல நீங்க பண்ண கால்குலஸ்தான் இங்க லீனியர் மேப்பா வந்து நிக்குது.

மனப்பாடம் பண்றவங்கள நான் குறை சொல்லல, பரீட்சை கேள்வித்தாள் அப்படி இருக்கு. ஆனா உங்க ஆசைக்கு அது பத்தாது.

பைத்தான்_ராத்திரி:
சார் சொன்னது எல்லாம் சரி, ஒண்ணு மட்டும் சேத்துக்கிறேன். ப்ரோ, அணிய விட்டுட்டு வேற எங்கயோ வந்துட்டோம்னு நெனைக்காதீங்க, அதே விஷயம்தான் பேர் மாறி வந்திருக்கு. மூணு மாறில சமப்படித்தான சமன்பாட்டுத் தொகுப்பு போடும்போது தரம் 2 வந்தா என்ன பண்ணுவோம், ஒரு மாறிய டி-ன்னு (சார் சொன்ன மேப் டி இல்ல, வெறும் எண்) வச்சு மத்தத அதுல எழுதுவோம்ல, 3 மைனஸ் 2 = 1, அந்த ஒரு டி-தான் நல்லிட்டி. சார் சொன்ன அதே தியரத்த பேர் தெரியாம பன்னெண்டாவதுலயே நூறு தடவ யூஸ் பண்ணியிருக்கோம். அதனால ஒவ்வொரு தியரத்தையும் ஒரு 3×3 அணில கையால போட்டுப் பாருங்க, வெறும் ப்ரூஃப் மட்டும் படிச்சா கொஞ்ச நாள்ல காத்துல போயிடும்.

நான் ஐடில இருக்கேன். 1998-ல ஸ்டான்ஃபோர்டுல லாரி பேஜும் செர்கே பிரினும் கொண்டு வந்த பேஜ்ரேங்க் (கூகுள் தேடல்ல வெப் பக்கங்கள வரிசைப்படுத்துற முறை) அடிப்படைல ஒரு ரொம்பப் பெரிய அணியோட ஐகன்வெக்டர் கண்டுபிடிக்கிற கணக்குதான். ஐகன்வெக்டர்னா அணியால பெருக்குனா தன்னோட மடங்காவே வர்ற 0 இல்லாத வெக்டர், அந்த மடங்குதான் ஐகன்வேல்யூ. டேட்டா சயின்ஸ் பக்கம் போனா லீஸ்ட் ஸ்கொயர்ஸ் (டேட்டாவுக்கு நெருக்கமா கோடு பொருத்துறது), எஸ்விடி (ஒரு அணிய எளிய அணிகளோட பெருக்கலா பிரிக்கிறது) ரெண்டும் இல்லாம ஒரு நாள் ஓடாது. மேல படிக்கப் போனாலும் வேலைக்குப் போனாலும் இந்த ஒரு பேப்பர் கூடவே வரும்.

எம்எஸ்சி_அக்கா:
தம்பி, நானும் தமிழ் மீடியம்தான், ஜாம் எழுதித்தான் எம்எஸ்சி வந்தேன், அதனால பரீட்சை பக்கம் மட்டும் சொல்றேன். மேத்ஸ் பேப்பர் 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க். 30 கேள்வி ஒரே விடை டைப், அதுக்கு மட்டும்தான் நெகட்டிவ் மார்க். 10 கேள்வி ஒண்ணுக்கு மேல விடை சரியா இருக்கலாம், எல்லா விடையும் சரியா தேர்ந்தெடுத்தாதான் மார்க், பாதிக்கு ஒண்ணும் கிடையாது. மிச்சம் 20 நம்பர் விடை.

அந்த 10 கேள்வி இருக்குல்ல, அங்கதான் உதாரணம் தெரிஞ்சவன் பொழைப்பான். ரெண்டு சப்ஸ்பேஸோட யூனியன் சப்ஸ்பேஸான்னு கேட்டா ஆர்2-ல எக்ஸ் அச்சையும் ஒய் அச்சையும் எடு, (1,0)-வும் (0,1)-உம் கூட்டுனா (1,1), ரெண்டு அச்சுலயும் இல்ல, தப்புன்னு அரை நிமிஷத்துல தெரிஞ்சுடும். ஒண்ணுக்குள்ள இன்னொண்ணு அடங்குனாதான் யூனியன் சப்ஸ்பேஸ் ஆகும். அப்புறம் ஆர்5-ல டைமென்ஷன் 3 இருக்கிற ரெண்டு சப்ஸ்பேஸ் 0 வெக்டர்ல மட்டும் சந்திக்க முடியுமான்னு கேப்பாங்க, முடியாது, 3 + 3 மைனஸ் 5, குறைஞ்சது டைமென்ஷன் 1 இன்டர்செக்ஷன் இருந்தே ஆகணும். ப்ரூஃப் எழுத அங்க கேக்க மாட்டாங்கதான், ஆனா ப்ரூஃப் புரியாம இந்த மாதிரி கேள்வில கை வைக்க முடியாது.

வீடியோன்னா என்பிடெல்-ல (ஐஐடிகள் நடத்துற ஆன்லைன் பாடத் தளம்) நம்ம ஊரு ப்ரொஃபசர்களோட லெக்சர் இலவசமாவே இருக்கு. அமெரிக்காவோட எம்ஐடி-ல 18.06-ங்கிற லீனியர் அல்ஜீப்ரா கோர்ஸோட லெக்சரும் ஃப்ரீ, ரொம்ப அருமையா இருக்கும், ஆனா அது அணில ஆரம்பிச்சு போகுற கோர்ஸ், தியரம்-ப்ரூஃப் கம்மி, அதனால அத மட்டும் நம்பாத, பக்கத்துல உன் சிலபஸையும் வச்சுக்கோ. இங்கிலீஷ் புக்க பாத்து பயப்படாத, ஒரு பேப்பருக்கு திரும்பத் திரும்ப வர்ற வார்த்தை ரொம்ப கொஞ்சம்தான், ஒரு மாசத்துல பழகிடும்.

நெல்லைப்பையன்:
ரொம்ப நன்றி சார், அண்ணா, அக்கா. சார் சொன்ன ப்ரூஃப மூடி வச்சுட்டு திரும்ப எழுதிப் பாத்தேன், வந்துடுச்சு. அந்த டி-ன்னு வச்சு எழுதுறதும் நல்லிட்டியும் ஒண்ணுன்னு இப்பதான் தெரியுது. ஒரு சந்தேகம் சார், அந்த டிஃபரன்ஷியேஷன் அணிக்கு ஐகன்வேல்யூ போட்டுப் பாத்தேன், மூணும் 0-ன்னு வருது. ஐகன்வெக்டர் தேடுனா மாறிலி மட்டும்தான் கிடைக்குது. இது சரியா? அப்ப டயகனலைஸ் பண்ண, அதாவது மூலைவிட்ட அணியா மாத்த, முடியாதா?

கரும்பலகை:
ரொம்ப சரி தம்பி. டிகிரி 2 பாலினாமியல மூணு தடவ டிஃபரன்ஷியேட் பண்ணா 0 ஆயிடும், அதாவது அந்த அணியோட மூணாவது படி 0, அதனால 0 தவிர வேற ஐகன்வேல்யூ வரவே வழியில்ல. டயகனலைஸ் பண்ண மூணு இன்டிபென்டன்ட் ஐகன்வெக்டர் வேணும், நமக்கு கிடைச்சது ஒண்ணுதான், அதனால முடியாது. அடுத்த யூனிட்ல ஜோர்டான் ஃபார்ம் (டயகனலைஸ் ஆகாத அணிக்கும் கிடைக்கிற, கிட்டத்தட்ட மூலைவிட்ட வடிவம்) வந்தா இதே உதாரணத்த எடுத்து வைங்க.

இப்ப அதே பி2-ல மேப்ப கொஞ்சம் மாத்துங்க, டிஃபரன்ஷியேட் பண்ணிட்டு எக்ஸால பெருக்குங்க. அதுக்கு அணி எழுதி, ஐகன்வேல்யூ பாத்து, டயகனலைஸ் ஆகுமான்னு காரணத்தோட இங்கயே போடுங்க, நான் பாக்குறேன்.