புதுப்பிப்பு: நேரடி விற்பனையில் கீரை வாடுவது நின்றது

வீடுகளுக்கு நேரடியாகக் கொடுக்கும் கீரை வழியிலேயே வாடுகிறது, பாதி மிஞ்சுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, முந்தைய நாள் மாலையோடு ஆர்டரை முடித்துக்கொள்ளுங்கள் என்ற யோசனைதான். இப்போது கேட்ட அளவுக்கு மட்டும் விடியற்காலையில் பறிக்கிறோம். மீதி செடியிலேயே நிற்கிறது. பறித்ததும் குளிர்ந்த நீரில் முக்கி, இலையில் தங்கியிருக்கும் வயல் சூடு இறங்கியபின் நன்றாக வடியவிட்டு, ஈரச் சாக்கால் மூடுகிறோம். சொட்டச் சொட்டக் கட்டினால் அழுகிவிடும், இதில் அவசரமே கூடாது.

எதிர்பாராதது ஒன்று: அப்படியும் சில கட்டுகள் மஞ்சளடித்தன. காரணம், அதே கூடையில் இருந்த பழுத்த தக்காளி. அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு இலையைச் சீக்கிரம் மஞ்சளாக்கும். தனிக் கூடைக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. விலையை ஏற்றச் சொன்ன யோசனைக்கு இதுவரை அவசியம் வரவில்லை.