ஊரை எரித்த மங்கோலியர் வணிகத்தை வளர்த்தது எப்படி?

கிருஷ்ணகிரி_வகுப்பறை:
வகுப்பில் 1258-ல் மங்கோலியர் பாக்தாத்தை அழித்த பாடம் முடிந்த கையோடு "மங்கோலியர் வணிகத்தை ஊக்குவித்தனர்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. "ஊரையே அழிச்சவங்க எப்படி சார் வியாபாரத்தை வளர்ப்பாங்க?" என்று பிள்ளைகள் கேட்பது நியாயம்தான். ஒரு வணிகனுக்கு நடைமுறையில் என்ன கிடைத்தது? தமிழருக்கு இதில் தொடர்பு உண்டா?

தென்பெண்ணைக்_கரை:
அழித்ததும் வளர்த்ததும் ஒரே கைதான் சார். மங்கோலியரின் புல்வெளியில் குதிரை, ஆடு, கம்பளி, தோல் உண்டு. தானியமும் பட்டும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். அதனால் வணிகனுக்கு அங்கே தனி மரியாதை. 1218-ல் செங்கிஸ் கான் அனுப்பிய சுமார் 450 பேர் கொண்ட வணிகக் கூட்டத்தை மத்திய ஆசியாவில் குவாரஸ்ம் நாட்டு ஒட்ரார் நகர ஆளுநர் ஒற்றர்கள் என்று சொல்லிக் கொன்று சரக்கைப் பிடுங்கிக்கொண்டார். நியாயம் கேட்கப் போன தூதனையும் அந்நாட்டு மன்னர் குவாரஸ்ம் ஷா கொன்றார். அதற்குப் பிறகுதான் அவருடைய நகரங்களான புகாராவும் சமர்கந்தும் விழுந்தன. விழுந்த ஊர்களிலும் நெசவாளர், கொல்லர், பொற்கொல்லரைத் தனியாகப் பிரித்துக் கிழக்கே கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தார்கள், ஊர் திரும்பவில்லை. இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

வணிகனுக்குக் கிடைத்த முதல் உதவி முதலீடு. கான்களும் இளவரசர்களும் 'ஒர்தோக்' என்ற கூட்டாளி வணிகர்களிடம் வெள்ளியைக் கொடுத்து லாபத்தில் பங்கு வாங்கினார்கள். சீனாவை ஆண்ட செங்கிஸின் பேரன் குப்லாய் காலத்தில் இவர்களுக்கு அரசுக் கடன் மாதம் 0.8 சதவீத வட்டிக்குக் கிடைத்தது. மற்றவர்களுக்கு 3 சதவீதம்.

இதன் மறுபக்கம் கொடுமையானது. செங்கிஸின் மகன் ஓகதேய் காலத்தில் வரி கட்ட முடியாத சீனக் குடியானவர்களுக்கு இதே வணிகர்கள் கடன் கொடுத்தார்கள். ஆடு குட்டி போட்டுப் பெருகுவதுபோல் ஆண்டுக்கு இரட்டிப்பாகும் கடன், பெயரே 'ஆட்டுக்குட்டி வட்டி'. நம் ஊர் கந்துவட்டிதான். பெண்டாட்டி பிள்ளைகளை விற்கும் நிலை வந்த பிறகே, முதலுக்கு மேல் வட்டி ஏறக் கூடாது என்று அரசு தடுத்தது.

தொப்பூர்_கணவாய்:
அடுத்தது சாலை. 'யாம்' என்ற அஞ்சல் நிலையங்கள் சுமார் 40 கி.மீ.க்கு ஒன்று; தர்மபுரி–கிருஷ்ணகிரி தூரத்தைவிடக் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். அங்கே மாற்றுக் குதிரை, சாப்பாடு, படுக்கை எல்லாம் உண்டு. கேட்டவுடன் கிடைக்காது, 'பாய்சா' வேண்டும். மரம், வெள்ளி, பொன் என்று தகுதிக்கேற்ற பட்டயம், மேலே கட்டித் தொங்கவிட ஒரு துளை. 'நித்திய வானத்தின் வலிமையால்' என்று எழுத்து தொடங்கும். மதிக்காதவனுக்குச் சாவு என்று முடியும்.

கோளாறு எங்கே வந்தது என்றால், இளவரசர்கள் இஷ்டத்துக்குப் பாய்சா கொடுத்தார்கள். வணிகர்கள் சொந்தச் சரக்கை அரசுக் குதிரையில் ஏற்றினார்கள். குதிரையும் தீவனமும் தர வேண்டியது நிலையத்தைச் சுற்றியிருந்த குடும்பங்கள். 1251-ல் பட்டம் ஏறிய மங்கோலியப் பேரரசர் மோங்கே பழைய பாய்சாக்களைத் திரும்பப் பெற்று, வணிகர் அஞ்சல் குதிரையில் ஏறக் கூடாது என்றார். சாலையால் வணிகம் வளர்ந்தது உண்மை. அதன் செலவைச் சுமந்தவர் மேய்ப்பர்.

ஓசூர்_நாணயம்:
காகிதப் பணத்தை விட்டுவிட்டீர்களே! 1260-ல் குப்லாய் நோட்டு அடித்தபோது பின்னால் வெள்ளி இருந்தது, ஓடியது. போர்ச் செலவுக்கு அடித்துத் தள்ளியதும் மதிப்பு சரிந்து, 1287-ல் ஒரு புது நோட்டுக்கு ஐந்து பழைய நோட்டு என்றானது. 1294-ல் பாரசீகத்தை ஆண்ட மங்கோலிய மன்னர் கெய்கத்து இதைத் தப்ரீஸ் நகரில் செய்து பார்த்தார். கஜானா காலி, நோட்டின்மேல் யாருக்கும் நம்பிக்கை இல்லை. கடைகள் மூடின, சந்தையில் ரொட்டிகூடக் கிடைக்கவில்லை. சுமார் இரண்டு மாதத்தில் திரும்பப் பெற்றார்கள்.

குந்தாணி_வாசகர்:
தமிழர் தொடர்பு கேட்டீர்கள். சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. சம்பந்தப் பெருமாள் என்பவர் செகசைக்கான் திருமேனி நன்றாயிருக்க, அவர் 'பர்மான்'படி (அரசாணைப்படி) அங்கே சிவனை எழுந்தருளச் செய்தார் என்கிறது. செகசைக்கான் என்பது குப்லாய் என்றே ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். பர்மான் பாரசீகச் சொல். மங்கோலிய மன்னர், பாரசீகச் சொல், தமிழ் எழுத்து, சீனத் துறைமுகம், நான்கும் ஒரே கல்லில்! வகுப்பில் முதலில் இதைக் காட்டுங்கள். அந்தக் காலத்தில் நம் மாவட்டத்துக் குந்தாணி, போசள மன்னன் ராமநாதனின் தலைநகர் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

இன்னொன்று குதிரை. மங்கோலியர் ஆட்சிக்குள் இருந்த பாரசீக வளைகுடாவிலிருந்து பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வந்தது. ஒன்றின் விலை 220 பொன் தினார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். இங்கே லாடம் கட்டவும் வைத்தியம் பார்க்கவும் ஆள் இல்லாமல், இறைச்சியும் சோறும் கொடுத்ததில் பெரும்பாலானவை செத்தன என்கிறார் மார்க்கோ போலோ. செத்தால்தானே மறுபடி வாங்குவார்கள், அதனால் லாடக்காரர் இங்கே வராதபடி குதிரை வணிகரே பார்த்துக்கொண்டார்களாம்.

கிருஷ்ணகிரி_வகுப்பறை:
ரொம்ப நன்றி. கல்வெட்டில் ஆரம்பித்து ஆட்டுக்குட்டி வட்டிக்குப் போகிறேன். 'பட்டுப்பாதை முழுக்க அமைதி' என்று எழுதலாமா?

தென்பெண்ணைக்_கரை:
வேண்டாம் சார். 1262-லேயே தென் ரஷ்யப் புல்வெளியை ஆண்ட பெர்கேயும் பாரசீகத்தை ஆண்ட ஹுலாகுவும் காக்கேசியத்தில் மோதிக்கொண்டார்கள், இருவரும் செங்கிஸ் கானின் பேரன்கள். மத்திய ஆசியாவில் 'கைது' என்ற மங்கோலிய இளவரசர் குப்லாயை எதிர்த்து நின்றார். தரைவழி அடைபட்டபோது சரக்கு கடலுக்கு இறங்கியது. சுவான்சௌ செழித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.