ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்த கதை: சேலம், ஏற்காடு வண்டிக்காரங்க அனுபவம்

சேலம் கோரிமேட்டிலிருந்து எழுதறேங்க. வாரத்துல மூணு நாலு நாள் ஏற்காட்டுக்குச் சவாரி. 20 கொண்டை ஊசி வளைவு ஏறணும், பாதி ஏத்தம் செகண்ட் கியர்தான். அதனால ஆயில் விஷயத்துல நான் கறார்.

போன சர்வீஸ்ல வழக்கமா வாங்கற 180 ரூபா ஃபில்டர் கடையில இல்லை. "இதுவும் அதேதாங்க, டப்பாதான் வேற"ன்னு 110 ரூபாக்கு ஒண்ணு கொடுத்தாங்க. மாட்டியாச்சு.

ரெண்டு வாரம் கழிச்சு மலை மேல ஒரு ராத்திரி தங்கல். காலையில ஸ்டார்ட் பண்ணினா கடகடன்னு ஒரு சத்தம். ஒரு விநாடியில அணையற ஆயில் லைட் நாலஞ்சு விநாடி எரியுது. பகல்ல நிறுத்தி எடுத்தா ஒண்ணுமில்லை, ராத்திரி முழுக்க நின்னாத்தான் இப்படி.

மெக்கானிக் அண்ணன் கேட்டதும் சொல்லிட்டார்: "ஃபில்டர்ல நிக்க வேண்டிய ஆயில் கீழ இறங்கிடுது." என் வண்டியில ஃபில்டர் படுத்த வாக்குல இருக்கு. அதோட வாய்க்கு உள்ளே ஒரு ரப்பர் வால்வு, ஆயில் திரும்பி ஓடாம பிடிச்சு வைக்கும். அது பிடிக்கலைன்னா பம்ப் முதல்ல காலி ஃபில்டரை நிரப்பணும், அதுவரைக்கும் இன்ஜின் மேல்பாகம் ஆயில் இல்லாம ஓடும். தினமும் காலையில இப்படின்னா இன்ஜின் என்னத்துக்கு ஆகும்?

புது 180 ரூபா ஃபில்டரை மாட்டிட்டு, முன்னாடி கழட்டிப் போட்ட பழைய 180 ரூபாதையும் இந்த 110 ரூபாதையும் வெட்டிப் பார்த்தோம். ஹாக்சா பிளேடு வேண்டாம்னுட்டார். அறுத்த இரும்புத்தூள் உள்ளே ஆயிலை வடிகட்டற மடிப்புப் பேப்பர்ல விழுந்தா, இன்ஜின்லருந்து வந்த தூள் எதுன்னு தெரியாது. விளிம்பைச் சுத்திக் கட்டரால வெட்டினார்.

110 ரூபாதுல ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி விறைச்சிருந்தது. மடிப்பு ஒரு பக்கம் நெருக்கம், ஒரு பக்கம் அகலம். ஓரத்துல ஒரு இடத்துல பசையே இல்லை, டார்ச் அடிச்சா வெளிச்சம் அந்தப் பக்கம் வருது. அங்கே போற ஆயில் வடிகட்டாமலே இன்ஜினுக்குப் போகும். இதுதான் எனக்கு ரொம்பக் கோபம்.

180 ரூபாதுல மடிப்பைத் தாங்கற மூடி அட்டைதான். அட்டைன்னதும் மட்டம்னு சொல்லுவாங்க. ஆனா பசை சுத்தி முழுசா இருந்தது, ஒரு சர்வீஸ் ஓடியும் ரப்பர் மெத்துன்னு இருந்தது. கையில தூக்கி எடை பார்த்து வாங்கறவங்களுக்கும் சொல்றேன், வெளித் தகடு தடிமனா இருந்தா கனமா இருக்கும், பேப்பரைப் பத்தி அது ஒண்ணும் சொல்லாது.

இப்போ கடையிலேயே டார்ச் அடிச்சு நடு ஓட்டையில பார்க்கறேன். சின்ன ஓட்டை வழியா ஒரு குச்சியால ரப்பரை அமுக்கினா உடனே பழையபடி வரணும். மரையில இரும்புச் சுருள் ஒட்டியிருந்தா அப்படியே திருப்பிக் கொடுத்துடறேன்.

---

ஏற்காட்டுல எஸ்டேட் ஜீப் ஓட்டறேன் அண்ணா. எங்க வண்டியில ஃபில்டர் வாய் மேலே பார்த்து நிமிர்ந்து தொங்குது, அதனால ஆயில் இறங்கற தொல்லை இல்லை. விலை கம்மியானதுதான் ஆறு வருஷமா போடறேன், 5,000 கிலோமீட்டர்ல மாத்திடுவேன். ஒரு தடவை அடிவாரத்துல ஆயில் கொட்டிச்சு. ஃபில்டரைத்தான் திட்டினேன். கழட்டிப் பார்த்தா பழைய கேஸ்கெட், அதான் ஃபில்டர் வாயைச் சுத்தி இருக்கற ரப்பர் வளையம், இன்ஜின்லயே ஒட்டியிருக்கு, அது மேலயே புதுசை மாட்டியிருக்கேன். தப்பு என்னோடது. இப்பல்லாம் கழட்டினதும் அந்த இடத்தைத் துணியால துடைச்சு, விரலால தடவிப் பார்த்துட்டு, புது கேஸ்கெட்டுல ஆயில் தடவிக் கையாலயே இறுக்கறேன்.

---

ஓமலூர்லருந்துங்க. எனக்கு நடந்தது வேற. கம்பெனி டப்பா, கம்பெனி விலை, உள்ளே இருந்தது போலி. டப்பாவுல எழுத்து மங்கல், ஃபில்டர் மேல இருந்த நம்பரும் டப்பா நம்பரும் வேற வேற. பில் இல்லாததால கடைக்காரர் மாத்தித் தரலை. அதுக்கப்புறம் பில் இல்லாம வாங்கறதே இல்லை.

---

கோரிமேட்டுக்காரன்தான் மறுபடியும். ஜீப் தம்பி சொன்னது சரி, ஃபில்டர் எப்படி உட்கார்ந்திருக்குன்னு முதல்ல குனிஞ்சு பாருங்க. வெட்டின ரெண்டு ஃபில்டரும் மெக்கானிக் அண்ணன் மேஜை மேலயே இருக்கு. வர்றவங்க ரப்பரை விரலால அமுக்கிப் பார்க்கட்டும்னு அவரே வெச்சிருக்கார்.