முதல் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்: கம்மி விலையில் எதை வாங்கினோம், எப்படி வாங்கினோம் (அமெரிக்காவில் இருக்கும் சிலரின் அனுபவங்கள்)

பிளேனோ, டெக்சாஸ்

500 டாலருக்குள் முதல் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது) எது வாங்கலாம் என்று கேட்கிற நண்பர்கள் எல்லாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: சின்னத் தோட்டா சுடும் .22 வாங்குங்கள். ராணுவத் துப்பாக்கி சாயலில் இருக்கும் ஏஆர்-15ஐ அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ரைஃபிளின் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவதால்தான் பலரும் ஏஆர் பக்கம் சாய்கிறார்கள். ரூகர் ஏஆர்-556, ஸ்மித் அண்ட் வெசன் எம் அண்ட் பி 15 ஸ்போர்ட் மாதிரி ஆரம்ப நிலை ஏஆர்கள் 600, 700 டாலருக்குக் கிடைக்கின்றன. .22 ரூகர் 10/22 300 டாலர் சொச்சம். இரண்டு மடங்குதானே, ஒரே தடவை செலவுதானே என்று தோன்றும். தோட்டா வாங்கும்போதுதான் விஷயம் புரியும். ஏஆரில் போடும் .223 தோட்டா ஒன்று ஏறக்குறைய 50 சென்ட்; .22 தோட்டா 8, 10 சென்ட். ஒரு மதியம் 200 தோட்டா சுட்டால் அங்கே 100 டாலர் காலி, இங்கே 20 டாலருக்குள் முடிந்துவிடும். சுடச் சுடத்தான் கை பழகும். பெட்டிக்குப் பெட்டி பணம் கரைகிறதே என்று நினைக்க ஆரம்பித்தால் ரேஞ்சுக்குப் போவதே குறைந்துவிடும். அதோடு .22க்கு உதைப்பு கிட்டத்தட்ட இல்லை, சத்தமும் குறைவு. விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் புதியவர்களுக்கு ஒட்டிக்கொள்ளாது. அது ஒருமுறை ஒட்டிவிட்டால் விடுவிப்பது பெரும்பாடு.

கடை அனுபவத்துக்கு வருகிறேன். முதலில் போன பெரிய கடையில் கவுன்ட்டரில் இருந்தவர், .22 எல்லாம் சின்னப் பசங்களுக்கு என்று சொல்லி ஏஆரைத்தான் எடுத்து நீட்டினார். அடுத்துப் போனது ஒரு சின்னக் கடை. அங்கே இருந்த பெரியவர் எங்கே சுடப் போகிறேன், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம் மூன்று ரைஃபிள்களை எடுத்து வரிசையாக வைத்தார்: ரோஸி ஆர்எஸ்22, சாவேஜ் 64, ரூகர் 10/22. ஒவ்வொன்றையும் என் கையில் தருவதற்கு முன் மேகசினை (தோட்டா நிரப்பும் பெட்டியை) கழற்றி, போல்ட்டை (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் நகரும் இரும்பை) இழுத்து, சேம்பருக்குள் (தோட்டா போய் உட்காரும் இடத்துக்குள்) சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்த்து, போல்ட் திறந்தபடியே கொடுத்தார். வாங்கின நானும் ஒருமுறை பார்த்தேன். இந்தப் பழக்கம் உள்ள கடையில்தான் வாங்குங்கள் என்பேன்.

ரோஸி பிரேசிலில் தயாராவது, மூன்றிலும் மலிவு, 150 டாலரை ஒட்டி இருந்தது. தோளில் வைக்கும் கட்டை முழுக்க பிளாஸ்டிக். விசை கனமாக இழுக்கிறது. சாவேஜ் 64 கனடாவில் செய்வது, 200 டாலருக்குள். இடக்கைக்காரர்களுக்கென்றே அதில் தனி மாடல் உண்டு, அவர்களுக்கு இது பெரிய வரம். 10/22தான் விலை கூடியது. 1964இல் வந்த மாடல், அடிப்படை அமைப்பு இன்னும் மாறவில்லை. 10 தோட்டா பிடிக்கும் அதன் மேகசின் உள்ளே சுழலும் வகை. மாட்டினால் கட்டையோடு சமமாக உட்கார்ந்துகொள்ளும், கீழே துருத்திக்கொண்டு நிற்காது. பேரலை இரண்டு ஸ்க்ரூ பிடித்திருக்கிறது, விசைத் தொகுதியை இரண்டு பின் பிடித்திருக்கிறது. தட்டினால் கழன்று வரும். வீட்டு மேசையில் வைத்தே எல்லாம் மாற்றலாம். விசை, கட்டை, பேரல் என்று எந்தப் பாகமும் எந்த ஊரிலும் கிடைக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே கூடுதலாக 100 டாலர் கொடுத்து 10/22 வாங்கினேன். வாங்கியது நல்லதாகப் போயிற்று.

அதற்குக் குறைகளும் உண்டு. கம்பெனியிலிருந்து வரும் விசையை இழுக்க ஏறக்குறைய 6 பவுண்டு அழுத்தம் வேண்டும், கனம்தான். பிஎக்ஸ் ட்ரிகர் என்று ரூகரே தனியாக விற்கிறது, அதை மாட்டினால் பாதியாகக் குறையும். அதை முதல் நாளே வாங்க வேண்டாம். ரிசீவரின் (போல்ட் ஓடும் உடல் பகுதியின்) பின்பக்கம் அடைத்திருப்பதால் பேரலைப் பின்னாலிருந்து துடைக்க முடியாது. கம்பியை முன்வாய் வழியாக விட்டால் வாய் விளிம்பு தேய்ந்து குறி கெடும். கயிறு மாதிரி இருக்கும் போர் ஸ்னேக் வாங்கிச் சேம்பர் பக்கத்திலிருந்து போட்டு இழுத்துவிடுங்கள். முக்கியமானது இன்னொன்று: கடைசித் தோட்டா சுட்டதும் இதன் போல்ட் திறந்து நிற்காது, மூடிக்கொள்ளும். காலியா இல்லையா என்று வெளியிலிருந்து பார்த்துத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் மேகசினைக் கழற்றி, போல்ட்டை இழுத்து, கண்ணால் பார்த்துத்தான் கீழே வைக்க வேண்டும்.

தோட்டா விஷயத்தில் ஒரு வார்த்தை. எடுத்ததும் 500 தோட்டா உள்ள பெட்டியை மொத்தமாக வாங்காதீர்கள். நான்கைந்து பிராண்டில் ஒவ்வொரு சின்னப் பெட்டி வாங்கி, ஒரே தூரத்தில் சுட்டுப் பாருங்கள். ஒரு ரைஃபிளுக்குப் பிடித்தது இன்னொன்றுக்குப் பிடிக்காது. வேகம் மிகவும் குறைந்த தோட்டா போல்ட்டை முழுதாகப் பின்னால் தள்ளாது, நடுவில் மாட்டிக்கொள்ளும். என்னுடையதில் சிசிஐ மினி மேக் தங்குதடையில்லாமல் ஓடுகிறது. விலை கொஞ்சம் கூட, ஆனாலும் புது ரைஃபிளை அதில்தான் பழக்கினேன்.

இனி படிவம் 4473, துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் அரசாங்கப் படிவம். நம்மாட்கள் தடுமாறுவது இங்கேதான். உரிமம் பெற்ற எந்தக் கடையில் வாங்கினாலும் இதை நிரப்பியாக வேண்டும். ஆன்லைனில் வாங்கினாலும் துப்பாக்கி உள்ளூர் உரிமக் கடைக்குத்தான் வரும். அங்கே போய் நிரப்பி, அவர்கள் கேட்கும் கட்டணத்தைக் கட்டித்தான் எடுக்க முடியும். நம் பெயர்களில் இனிஷியல் இருக்கும், நடுப்பெயர் இருக்காது. சட்டப்படி உங்கள் பெயரில் வெறும் எழுத்து மட்டும்தான் என்றால் அதற்குப் பக்கத்தில் ஐஓ (IO) என்று எழுத வேண்டும். நடுப்பெயரே இல்லை என்றால் என்எம்என் (NMN) என்று எழுத வேண்டும். காலியாக விட்டால் கடைக்காரர் திருப்பித் தருவார். ஓட்டுநர் உரிமத்தில் இருக்கும் முகவரி இப்போது குடியிருக்கும் முகவரியாக இருக்க வேண்டும். வீடு மாறியிருந்தால் புது முகவரி போட்ட வேறொரு அரசாங்க ஆவணத்தையும் கையோடு கொண்டுபோங்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் ஏலியன் நம்பரை (குடியேற்றத் துறை தந்த எண்ணை) எழுத வேண்டும்.

எச்-1பி, எல்-1, எஃப்-1 மாதிரி வேலை, படிப்பு விசாவில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். அந்த விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்குவதையும் வைத்துக்கொள்வதையும் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. ரேஞ்சில் நண்பரின் ரைஃபிளைக் கையில் வாங்கிச் சுடுவதும் அந்தத் தடைக்குள் வரும். சும்மா ஒரு தடவைதானே என்று யாரும் கூப்பிட்டால் போகாதீர்கள். குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். அதே மாதிரி, வாங்க முடியாத நண்பருக்காக உங்கள் பெயரில் வாங்கித் தருவதும் குற்றம். உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்பது அந்தப் படிவத்தில் நேரடியாகவே கேட்கப்படும் கேள்வி. தகுதியுள்ளவருக்கு உங்கள் சொந்தப் பணத்தில் பரிசாக வாங்கிக் கொடுக்கலாம், அது வேறு.

படிவம் முடிந்ததும் எஃப்பிஐயின் என்ஐசிஎஸ் சோதனை, துப்பாக்கி வாங்க உங்களுக்குத் தடை இருக்கிறதா என்று பார்ப்பது. எனக்குச் சில நிமிடங்களில் சரி என்று வந்துவிட்டது. என் மைத்துனருக்கு 'தாமதம்' என்று வந்தது, பயந்துபோனார். பயப்பட ஒன்றுமில்லை, பொதுவான பெயர் என்றால் அப்படி வரும். ஒவ்வொரு தடவையும் இப்படியே ஆனால் எஃப்பிஐயிடம் விண்ணப்பித்து யுபின் எண் (உங்களை அடையாளம் காட்டும் தனி எண்) வாங்கி வைத்துக்கொள்ளலாம். அடுத்த தடவை படிவத்திலேயே அதை எழுதிவிடலாம்.

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

டெக்சாஸ் அண்ணன் சொன்னது அவ்வளவும் சரி. ஆனால் எங்கள் மாநிலத்தில் கதையே வேறு, அதையும் சேர்த்துவிடுகிறேன்.

முதலில் துப்பாக்கிப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். கடையிலேயே தேர்வு, 30 கேள்வி, 23 சரியாக எழுதினால் தேர்ச்சி, கட்டணம் 25 டாலர், 5 வருடம் செல்லும். புத்தகத்தைப் படித்துவிட்டுப் போனால் சுலபம். பணம் கட்டினாலும் ரைஃபிளை அன்றைக்கே தரமாட்டார்கள், 10 நாள் காத்திருக்க வேண்டும். எடுக்கப் போகும்போது கடைக்காரர் முன்னால் பாதுகாப்பாகக் கையாண்டு காட்ட வேண்டும். மேகசினில் 10 தோட்டாவுக்கு மேல் பிடிப்பது விற்பனைக்கே கிடையாது. 10/22 கூட வருவது 10தான் என்பதால் பிரச்சினை இல்லை. 2024 ஜூலை 1 முதல் விற்பனை வரிக்கு மேல் 11 சதவீதம் தனி வரியும் வந்துவிட்டது, துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும். பட்ஜெட் போடும்போது இதை மறக்காதீர்கள். 300 டாலர் ரைஃபிள் எல்லா வரியும் கட்டணமும் சேர்ந்து 400ஐத் தாண்டியது எனக்கு.

இவ்வளவுக்கும் அப்புறம் .22 ஏன் என்றால், இங்கே ஏஆர் வகைக்கு இருக்கும் கட்டுப்பாடுகளில் பெரும்பகுதி சென்டர்ஃபயர் (தோட்டாவின் அடி நடுவில் தட்டி வெடிக்கும்) ரைஃபிளுக்கானது. .22 ரிம்ஃபயர் (அடி விளிம்பில் தட்டி வெடிப்பது) என்பதால் சட்ட நுணுக்கம் பார்த்துப் பார்த்து வாங்க வேண்டிய தலைவலி குறைவு. வீட்டுக்காரருக்கும் எனக்கும் அந்த நிம்மதி பெரிதாக இருந்தது.

சார்லட், வட கரோலினா

நான் வாங்கியது என் மகளுக்காகவும் எனக்காகவும். அவளுக்கு 13 வயது, கை நீளம் போதாது. 10/22லேயே காம்பேக்ட் என்று ஒன்று இருக்கிறது, 16 அங்குல பேரல், கட்டையும் குட்டை. கடையில் அவளைத் தோளில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். சாதாரண மாடலில் கழுத்தை நீட்டி எக்கினாள், இதில் கன்னம் தானாக வந்து கட்டையில் படிந்தது. பிள்ளைகளுக்கு வாங்கும் பெற்றோர் தயவுசெய்து பிள்ளையைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

வாங்கின கையோடு ஆப்பிள்சீட் என்ற ரைஃபிள் பயிற்சி முகாமில் சேர்ந்தோம். நாடு முழுக்க வார இறுதிகளில் தன்னார்வலர்கள் நடத்துவது. 25 மீட்டரில்தான் சுடுவது, ஆனால் அட்டையில் உருவங்களைச் சின்னதாக்கி 100 முதல் 400 கஜம் வரை சுடுவது போல வைத்திருப்பார்கள். அங்கே வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் கையில் 10/22தான். ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) விட, ரைஃபிளில் கட்டிய வாரைக் கையில் சுற்றிப் பிடிக்கும் விதத்தைத்தான் அழுத்தம் திருத்தமாகச் சொல்லித் தருகிறார்கள். வார் இறுகியதும் என் மகளின் குறி அட்டையில் ஒரு சாண் பரப்பிலிருந்து ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சுருங்கியதை என் கண்ணால் பார்த்தேன். 40 தோட்டா, 250 மதிப்பெண். 210 எடுத்தால் ரைஃபிள்மேன் என்று ஒரு பேட்ச். நாங்கள் இரண்டு பேரும் இன்னும் எடுக்கவில்லை, எடுப்போம். இடைவேளையில் அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கிய 1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனிலும் கான்கார்டிலும் நடந்ததைக் கதையாகச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் படித்தபோது கேட்காத ஆர்வத்தோடு அவள் கேட்டாள்.

இரண்டு மேகசின் போதாது, நான்கு வாங்குங்கள். காதடைப்பு, கண்ணாடி வாங்க மறக்காதீர்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டு, குளிர்ந்த தண்ணீரில் கை கழுவிவிட்டுத்தான் பிள்ளைகள் தின்பண்டத்தைத் தொட வேண்டும். பல .22 தோட்டாக்களில் ஈயம் அப்படியே வெளியில் இருக்கிறது.

ஹூஸ்டன், டெக்சாஸ்

பழைய மார்லின் மாடல் 60 ஒன்று அடகுக் கடையில் 150 டாலருக்கு வந்திருக்கிறது. எடுக்கலாமா அண்ணா? பேரல் கொஞ்சம் கறுத்திருக்கிறது, மற்றபடி சுத்தம்.

பிளேனோ, டெக்சாஸ்

தம்பி, தாராளமாக எடுக்கலாம். 1960இலிருந்து கோடிக்கு மேல் விற்ற ரைஃபிள் அது, குறி பிரமாதமாக இருக்கும். பார்க்க வேண்டியது மூன்று. பேரலுக்குக் கீழே இருக்கும் குழாய்தான் அதற்கு மேகசின். உள்குழாயை முழுக்க வெளியே இழுத்து ஸ்ப்ரிங் தடையில்லாமல் ஓடுகிறதா பாருங்கள். அந்தக் குழாயில் பள்ளம் விழுந்திருந்தால் தோட்டா மாட்டும், வேண்டாம். அடுத்து பேரலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். கறுப்பு பரவாயில்லை, குழிகுழியாக இருந்தால் விட்டுவிடுங்கள். மூன்றாவது, கடைக்காரர் அனுமதியோடு போல்ட்டை மெதுவாக இழுத்து விட்டு, பின்னால் போய் ஒழுங்காக மூடுகிறதா பாருங்கள். குழாய் மேகசின் என்பதால் உள்ளே எங்கேயாவது ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். வாயைத் தரைப் பக்கம் வைத்து, உள்குழாயை உருவி எடுத்து, போல்ட்டைப் பல தடவை இழுத்து, சேம்பரைப் பார்த்த பிறகுதான் கையில் வாங்க வேண்டும்.

அடகுக் கடையிலும் 4473 உண்டு, சோதனை உண்டு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதையும் கவனியுங்கள். 17 வயதுக்குக் கீழ் இருக்கும் பிள்ளை கைக்கு எட்டும்படி தோட்டா போட்ட துப்பாக்கியை வைத்து, அது பிள்ளை கைக்குப் போய்விட்டால் இங்கே குற்றம். பூட்டுள்ள இரும்புப் பெட்டி 100 டாலரை ஒட்டிக் கிடைக்கிறது. 150க்கு ரைஃபிள் வாங்குகிற அன்றைக்கே அதையும் வாங்கிவிடுங்கள், தோட்டாவை வேறு அறையில் தனியாகப் பூட்டி வையுங்கள்.