சுவிட்ச் நிலையைக் குரலில் அறிவிக்கச் செய்வது எப்படி?

கேள்வி: மாதிரி விமானம் உயரத்தில் இருக்கும்போது கண்ணை எடுக்க முடியாது என்பதால், மூன்று நிலைச் சுவிட்ச் எந்த நிலையில் உள்ளது என்பதை எட்ஜ்டிஎக்ஸ் (EdgeTX) மென்பொருளில் இயங்கும் என் ரேடியோ டிரான்ஸ்மிட்டரே சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன். எப்படி அமைப்பது?

பதில்: சிறப்புச் செயல்பாடுகள் பக்கத்தில் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வரி சேர்த்து, ஒலிக்கோப்பை இயக்கும் செயலைத் தேர்ந்தெடுங்கள். 16 பிட் மோனோ வேவ் (WAV) ஒலிக்கோப்புகளை எஸ்டி கார்டின் சவுண்ட்ஸ் ஃபோல்டரில், மொழிக்குரிய உட்பிரிவில் வையுங்கள். பெயர் நீண்டால் கோப்பு பட்டியலிலேயே தோன்றாது.

கேட்டவர்: மிக்க நன்றி, பேசுகிறது. ஆனால் டிரான்ஸ்மிட்டரை இயக்கியவுடனேயே அறிவிப்பு வருகிறதே?

பதில்: அந்த வரியில் எத்தனை முறை ஒலிக்க வேண்டும் என்ற கட்டத்தில் ஆச்சரியக்குறியுடன் உள்ள ஒருமுறை (!1x) என்ற தேர்வை வையுங்கள், தொடக்கத்தில் ஒலிக்காது.

மற்றொருவர்: பதிவின் தொடக்கத்திலுள்ள மௌனத்தை வெட்டிவிடுங்கள், அரை நொடித் தாமதம்கூடப் பறக்கும்போது உறுத்தும். இக்குரல் சுவிட்சின் நிலையை மட்டுமே சொல்கிறது. பறப்புக் கட்டுப்பாட்டுக் கருவி உண்மையில் பறப்பு முறையை மாற்றியதா என்பதை, விமானம் திருப்பி அனுப்பும் தகவலான டெலிமெட்ரி வழியாகவே அறிய முடியும்.