பருத்தியே விளையாத நாடு ஆடை விற்றுச் சம்பாதிக்கிறது, பருத்தி விளைவிக்கிற நாடு ஏன் ஏழையாகவே இருக்கிறது?

வைகறை:
ரொம்ப நாளாக உறுத்துகிற கேள்வி. வங்கதேசத்தில் பருத்தி விளைவது பெயருக்குத்தான், ஆனால் அந்த நாட்டு ஏற்றுமதி வருமானத்தில் 80 சதவீதத்துக்கு மேல் ஆயத்த ஆடையிலிருந்து வருகிறது. மாலி, புர்கினா ஃபாசோ, பெனின், சாட் இந்த நான்கிலும் லட்சக்கணக்கான குடும்பங்கள் பருத்தியை நம்பித்தான் பிழைக்கின்றன, ஆனால் கையில் ஒன்றும் நிற்பதில்லை. காசு எங்கே போகிறது? தொழில் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்களேன்.

கதிர்நூல்:
நூற்பாலையில் பஞ்சு கொள்முதல் பார்க்கிறேன், மேற்கு ஆப்பிரிக்கப் பேல்களும் (பஞ்சுப் பொதிகள்) எங்களுக்கு வரும். கணக்கைப் பாருங்கள். நியூயார்க் சந்தையில் பஞ்சு பவுண்டு 70 சென்ட் என்றால் கிலோ சுமார் ஒன்றரை டாலர். அந்த ஒரு கிலோவில் கழிவு போக நாலைந்து டி-ஷர்ட் வந்துவிடும், அதில் ஒன்று ஐரோப்பியக் கடையில் என்ன விலைக்குப் போகிறது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆனால் பஞ்சிலிருந்து கொட்டை நீக்கும் ஜின்னிங் கூலி, லாரி வாடகை, துறைமுகச் செலவு எல்லாம் அந்த ஒன்றரை டாலரில்தான் கழிய வேண்டும். மாலிக்கும் புர்கினாவுக்கும் கடலே கிடையாது, பக்கத்து நாட்டுத் துறைமுகம் வரை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் லாரியில் போக வேண்டும். எல்லாம் போக மிச்சம்தான் விவசாயிக்கு.

அங்கேயே நூற்கலாமே என்பீர்கள். ஸ்பின்னிங் மில் மூன்று ஷிஃப்டும் ஓடினால்தான் கட்டுபடியாகும். கரண்ட் ஒரு நொடி தடுமாறினாலும் நூலை முறுக்கிச் சுற்றும் ஆயிரக்கணக்கான கதிர்களில் நூல் அறும், ஒவ்வொன்றாகப் பிணைத்து மறுபடி ஓட்டுவதற்குள் பாதி ஷிஃப்ட் போய்விடும். 2024இல் மாலியின் தலைநகர் பமாகோவிலேயே மணிக்கணக்கில் மின்வெட்டு. அதனால்தான் பெரும்பகுதி பஞ்சாகவே கப்பலேறுகிறது.

கரிசல்மண்:
இதெல்லாம் சரி, ஆனால் அந்த 70 சென்ட்டே ஏன் அவ்வளவு குறைவு என்றும் கேட்க வேண்டும். 2001-02இல் உலகச் சந்தையில் பருத்தி விலை படுபாதாளத்துக்குப் போனது, ஆனாலும் அமெரிக்காவில் விளைச்சல் அதுவரை இல்லாத உச்சம், ஏனென்றால் சுமார் 25,000 விவசாயிகளுக்கு 300 கோடி டாலருக்கும் மேல் அரசு மானியம் போனது. விலை விழுந்தாலும் அவர்களுக்கு நஷ்டமில்லை, விழுந்த விலையைச் சுமந்தவன் மாலிக்காரன். 2002இல் பிரேசில் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு ஜெயித்தது. அப்புறமும் அமெரிக்கா மானியத்தை முழுசாக நிறுத்தவில்லை, 2010இலிருந்து ஆண்டுக்கு 14.7 கோடி டாலர் பிரேசில் பருத்தித் துறைக்கே கொடுக்க ஒத்துக்கொண்டது, கடைசியில் 2014இல் 30 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தது. பிரேசிலால் பதிலுக்கு அமெரிக்கச் சரக்குகளுக்கு வரி போடுவேன் என்று மிரட்டி நெருக்க முடிந்தது. நீங்கள் சொன்ன அந்த நாலு நாடுகளும் 2003இல் மெக்சிகோவின் கான்குனில் நடந்த உலக வர்த்தக அமைப்பு மாநாட்டில் மானியத்தை நிறுத்துங்கள், அதுவரை இழப்பீடு கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தன, இழப்பீடு என்று ஒரு காசு வரவில்லை. அவர்கள் அமெரிக்காவிடம் வாங்குவதே கொஞ்சம், எதை வைத்து மிரட்டுவது? இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

வைகறை:
இவ்வளவு நஷ்டம் என்றால் பருத்தியை விட்டுவிட்டு வேறு எதாவது போடலாமே?

ஆடிப்பட்டம்:
அவ்வளவு சுலபம் இல்லை தம்பி. மாலியில் விதை, உரம், பூச்சிமருந்து எல்லாவற்றையும் கடனாகக் கொடுப்பது அரசுப் பருத்திக் கம்பெனி, பருத்தியை எடுக்கும்போது பிடித்துக்கொள்வார்கள். அந்த உரத்தில் ஒரு பங்கு மக்காச்சோளத்துக்கும் போகும், வீட்டுச் சாப்பாடே அதுதான். பருத்தி போடாவிட்டால் உரமும் கிடையாது. இருந்தும் 2020இல் விதைப்புக்கு முன்னால் பருத்திக் கொள்முதல் விலையைக் கிலோ 275 ஃபிராங்கிலிருந்து (அந்த நாட்டுப் பணம்) 200 ஆகக் குறைத்து, உர மானியத்திலும் கை வைத்ததும் விவசாயிகள் பருத்தி போட மாட்டோம் என்று ஒதுங்கிவிட்டார்கள். விலையைக் கொஞ்சம் ஏற்றிப் பார்த்தும் பலனில்லை, ஏழு லட்சம் டன் அளவில் இருந்த விளைச்சல் ஒன்றரை லட்சத்துக்கும் கீழே போனது. மறு வருஷம் 280 ஃபிராங்க் அறிவித்து மானியத்தையும் திருப்பிக் கொடுத்த பிறகுதான் பழைய நிலைக்கு வந்தது. சேர்ந்து நின்றால் அவர்களாலும் பேரம் பேச முடிகிறது.

கதிர்நூல்:
ஆடிப்பட்டம் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். புர்கினாவில் 2008இலிருந்து பிடி (Bt) பருத்தி, அதாவது புழுவைத் தானே எதிர்க்கிற மரபணு மாற்றப் பருத்தி, பெரிய அளவில் போட்டார்கள், மருந்துச் செலவு குறைந்தது, மகசூலும் பரவாயில்லை. ஆனால் இழை நீளம் குட்டையாகிவிட்டது. மில்காரன் முதலில் பார்ப்பதே இழை நீளத்தைத்தான், அது குறைந்தால் விலையும் குறையும், அதனால் 2016இல் கைவிட்டார்கள். பெனினில் இப்போது கோட்டோனு நகரத்துப் பக்கத்தில் தொழிற்பேட்டை போட்டு நூற்று, துணியாக்கி, தைத்தே அனுப்ப ஆரம்பித்திருக்கிறார்கள், அது நிலைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அதற்கு முன்னாலேயே செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. ஆப்பிரிக்கப் பஞ்சு கையால் பறிப்பது, இழை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பறித்துப் போடுகிற பிளாஸ்டிக் சாக்கின் நூல் அதில் கலந்து வந்துவிடும். நூலில் கண்ணுக்கே தெரியாது, துணிக்குச் சாயம் ஏற்றிய பிறகு அந்த இழை மட்டும் வெள்ளையாகத் தனித்துத் தெரியும், துணி ரிஜெக்ட். இந்தப் பயத்திலேயே மில்கள் விலையைக் குறைத்துக் கேட்கின்றன. பறிக்கிறவர்களுக்குப் பருத்தித் துணிப் பை கொடுத்தாலே பேலுக்குக் கூடுதல் விலை கேட்கலாம், நானே கொடுத்து வாங்குவேன்.