மூடி தளர்ந்த டின்னும் ஃபிளாஷ் பாயிண்ட்டும்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அம்பத்தூர் ஆய்வகம்:
ஃபிளாஷ் பாயிண்ட் பார்க்க ஒரு பெயிண்ட் தின்னர் வந்தது. சுடர் காட்டினால் திரவத்தின் ஆவி பற்றும் மிகக் குறைந்த வெப்பநிலைதான் அது. ஏபெல் கருவி: மூடிய கோப்பையில் மாதிரியை மெல்லச் சூடேற்றி, அவ்வப்போது சிறு சுடரை இறக்கிப் பார்ப்பது. சீல் உடைத்த டின்னிலிருந்து எடுத்து, ஐஸில் நன்றாகக் குளிரவைத்து ஏற்றினோம். 21 டிகிரியில் சுடர் இறங்கியதும் நீலத் தீ கோப்பையின் பரப்பெங்கும் ஓடி அணைந்தது. கொண்டுவந்தவர் ஏற்கவில்லை. வண்டியிலிருந்து இன்னொரு டின்னை எடுத்து வந்தார். மூடி தளர்ந்திருந்தது; வெயிலில் கிடந்து கைக்குச் சுட்டது. லேசான ஆவி ஏற்கெனவே பறந்துபோயிருந்ததால் அது 25 காட்டியது. "இதையே போட்டுக்கொடுங்கள் சார்" என்றார். 23-க்குக் கீழே என்றால் பெட்ரோலியச் சட்டத்தில் ஏ வகுப்பு; சொந்த உபயோகத்துக்கே 30 லிட்டருக்கு மேல் வைக்க உரிமம் வேண்டும். பி என்றால் 2,500 லிட்டர் வரை தொல்லையில்லை. மறுத்து அனுப்பினோம். அடுத்த ஆய்வகத்தில் எந்த டின்னைக் கொடுத்தாரோ என்பது இன்றும் உறுத்துகிறது.

மணலி ஷிஃப்ட்:
ஐயா, அந்த 21 உண்மையில் பற்றியதுதானா? மெத்திலீன் குளோரைடு (எளிதில் பற்றாத ஒரு குளோரின் கரைப்பான்) கலந்த பெயிண்ட் ரிமூவர் ஒன்று எங்களிடம் வந்தது. ஒவ்வொரு முறையும் சுடர் கொழுத்து நீண்டதே தவிர, பரப்பில் எதுவும் ஓடவில்லை. உடனிருந்தவரோ "பற்றிவிட்டது" என்று எண்ணைக் குறித்தே விட்டார். சுடரைச் சுற்றி வளையம் பெருப்பது வேறு, ஆவி பற்றுவது வேறு. அந்த வரியை அடித்து எழுதவைக்கப் பெரிய சண்டையே போட வேண்டியிருந்தது.

நீலகிரியிலிருந்து:
ஒரே டர்பன்டைன் சென்னையில் 38, உதகையில் எங்களிடம் 32. இரு ஆய்வகங்களும் ஒன்றையொன்று குறைசொல்லிக் கடிதம் எழுதிக்கொண்டன. காரணம் காற்றழுத்தம்: அது குறைந்தால் குறைந்த சூட்டிலேயே போதிய ஆவி எழும், எண்ணும் இறங்கும். 101.3 கிலோபாஸ்கலிலிருந்து குறையும் ஒவ்வொரு கிலோபாஸ்கலுக்கும் 0.25 டிகிரி கூட்ட வேண்டும். இங்கே அழுத்தம் 78 அளவில்தான் இருக்கும். எல்லோருக்கும் சொல்கிறேன்: வானிலை அறிக்கையில் வரும் அழுத்தத்தை எடுக்காதீர்கள், அது கடல்மட்டத்துக்குத் திருத்தப்பட்டது. அறையிலேயே பாரமானி வையுங்கள். மாதிரியைப் பிளாஸ்டிக் பாட்டிலில் வாங்காதீர்கள். லேசான ஆவி அதன் சுவர் வழியாகவே கசிந்துவிடும். பென்ஸ்கி-மார்ட்டென்ஸ் கருவி (கலக்கி உள்ள இன்னொரு மூடிய கோப்பைக் கருவி) என்றால் சுடரை இறக்கும்போது கலக்கியை நிறுத்துங்கள். ஒருமுறை சூடேற்றிய மாதிரியை மறுபடி ஏற்றவே கூடாது. திறந்த கோப்பை எண்ணை மூடிய கோப்பை எண்ணோடு ஒப்பிடவும் வேண்டாம். திறந்ததில் ஆவி கலைந்துபோவதால் எண் ஏறியே நிற்கும்.

அம்பத்தூர் ஆய்வகம்:
மணலி நண்பருக்கு: வளையம் அல்ல. அதே டின்னிலிருந்து புது மாதிரி எடுத்து மறுபடி பார்த்தோம், அதுவும் 21-தான். அந்தத் தின்னரில் குளோரின் கரைப்பான் எதுவும் இல்லை. நீலகிரி நண்பர் சொல்லும் திருத்தம் சென்னையில் அரை டிகிரிகூட வராது. என் கேள்வி மாதிரி எடுப்பது பற்றியது. வாடிக்கையாளர் கையில் கொண்டுவருவதை வாங்காமல், நீங்களே கிடங்குக்குப் போய் எடுக்கும் வழக்கம் யாருக்காவது இருக்கிறதா?